அஷிட்டேயின் இடது கை

அன்று அஷிட்டே அண்ணன் கையிலிருந்து விழுந்தது ஆறிப்போன ஒரு கெங்கி உருண்டை. சோளமாவைப் புளிக்கவைத்துச் சோளத்தோலில் பொதிந்து வேகவைத்தது. முந்தின நாள் விற்காமல் மிஞ்சியது. இடது கையில் பிடித்துக்கொண்டு தோலை உரிக்கப் போனவர் பாதியில் விரல்களைத் திறந்துவிட்டார். உருண்டை மணலில் உருண்டு ஓர் ஆட்டின் காலடியில் போய் நின்றது.

"சூடு," என்றார்.

அவர் மனைவி ஆயெலே அக்கா தன் கெங்கிக் கடையின் அடுப்போரம் உட்கார்ந்து மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். உருண்டை ஆறியது என்று அவளுக்குத் தெரியும். எடுத்துக் கொடுத்ததே அவள்தான். வேறொன்றை எடுத்து இந்த முறை வலது கையில் வைத்தாள். பிறகு எண்ணெயில் கிடந்த மீனைத் திருப்ப மறந்துபோனாள். அந்தக் கடையில் மீன் கருகி நான் பார்த்தது அன்றுதான்.

அக்ராவின் கடலோரத்தில் இருக்கும் எங்கள் புக்கோம் பேட்டையில் இரண்டு பேர் பேச உட்கார்ந்தால் மூன்றாவதாக ஒரு குத்துச்சண்டைக்காரனின் பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும். யார் எத்தனை பேரைச் சாய்த்தான், எந்தச் சுற்றில் சாய்த்தான், சாய்ந்தவன் தகுதியானவனா, இல்லை எங்கிருந்தோ பிடித்து வந்த தையல்காரனா. இந்த வழக்குக்குத் தீர்ப்பு வந்ததே இல்லை. வர வேண்டும் என்று யாரும் விரும்பியதும் இல்லை.

பெரிய வழக்கு டாக்கிக்கும் அமார்ட்டேக்கும். டாக்கி முப்பத்தாறு சண்டை போட்டு முப்பத்தாறிலும் ஜெயித்தவர். அமார்ட்டே நாற்பதில் ஜெயித்து ஒன்றில் தோற்றவர். அந்த ஒன்று வெளிநாட்டில் நடந்தது என்பதால் அவருடைய ஆட்கள் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இருவரும் ஒரே ஒரு முறை நேருக்கு நேர் மோதினார்கள். ஆறாவது சுற்றில் மின்சாரம் போய்விட்டது. இருட்டில் யார் யாரை அடித்தார்கள் என்று இன்றுவரை ஆளுக்கொன்று சொல்கிறார்கள். விளக்கு வந்தபோது இருவர் வாயிலும் ரத்தம். சண்டை ரத்தானது. டாக்கி பிறகு ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார். அமார்ட்டே கடல் கடந்து போனவர் திரும்பவில்லை. இருவரையும் அளந்து பார்க்க ஊரில் மிஞ்சிய ஒரே அளவுகோல் அஷிட்டே அண்ணன்.

அவர் வென்றது கொஞ்சம், தோற்றது மிக அதிகம். வளர்கிற பையன்களின் வெற்றிக் கணக்கில் ஒன்றைக் கூட்டிக் கொடுப்பதுதான் அவர் தொழில். ஆனால் அவரை விழவைக்க முடியாது என்று பெயர். டாக்கி முப்பத்தைந்து பேரைத் தரையில் கிடத்தினார். பத்துச் சுற்றும் அடி வாங்கிக்கொண்டு நின்ற முப்பத்தாறாவது ஆள் இவர். அமார்ட்டே மட்டும் நான்காவது சுற்றில் இவரைச் சாய்த்தார். ஆனால் அன்று மழை பெய்து மேடை ஈரமாகக் கிடந்தது.

ஆயெலே அக்காவின் கடையில் தினமும் நடக்கிற பேச்சு இப்படி இருக்கும். முடிதிருத்துகிற சோவா டாக்கியின் ஆள். படகுக்காரன் அடோட்டே அமார்ட்டேயின் ஆள்.

"முப்பத்தஞ்சு பேரைப் படுக்க வச்சவன்யா டாக்கி. உன் அமார்ட்டேகிட்ட அடி வாங்கினவன்லாம் மறுநாளு கல்யாண வீட்டுல ஆடிட்டிருந்தான்."

"யாரு அந்த முப்பத்தஞ்சு? ஒருத்தன் தச்சன், ஒருத்தன் லாரி கிளீனரு. இந்தா உக்காந்திருக்காரே, இவரைப் படுக்க வச்சானா உன் ஆளு? பத்து ரவுண்டு அடிச்சு அவன் கைதான் வீங்கிப்போச்சு."

"மேடை வழுக்குச்சுய்யா. அமார்ட்டே எங்க சாய்ச்சான்? மழைதான் சாய்ச்சுது. குடு பெல்ட்டை மழைக்கு."

"முடி வெட்டுறவன் வாய மூடிட்டு வெட்டணும். போன வாரம் என் காதைக் கிழிச்சியே, அதுவும் மழையா?"

கடைசியில் இருவரும் அஷிட்டே அண்ணன் பக்கம் திரும்புவார்கள். யார் அடி பலம்? அவர் வைத்திருந்த பதில் எப்போதும் ஒன்றுதான்.

"டாக்கி அடிச்சா வீட்டுக்குப் போன பிறகு வலிக்கும். அமார்ட்டே அடிச்சா அங்கயே வலிக்கும். ரெண்டு அடிக்கும் வெந்நி வச்சு ஒத்தடம் குடுத்தது இவ. இவளைக் கேளுங்க."

எல்லாரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். அமார்ட்டேயுடன் விழுந்த அந்த நான்காவது சுற்று அவருக்கு நினைவிலேயே இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். விழுந்தவனுக்கு விழுந்தது நினைவில் இருக்காது. அதில் புதுமை இல்லை. ஆனால் அந்த வருடம், தொலைந்துபோன அந்தச் சுற்றோடு வேறு சில பொழுதுகளும் போய்ச் சேரத் தொடங்கின.

எங்கள் பழைய வழக்கப்படி ஆண்கள் ஆண்கள் வீட்டிலும் பெண்கள் தங்கள் தாய்வீட்டிலும் இருப்போம். அஷிட்டே அண்ணனுக்குப் பக்கத்து அறை என்னுடையது. ஒரு காலையில் கடற்கரைக்குப் போகக் கிளம்பியவர் வாசலில் வெகுநேரம் நின்றார். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று யோசிக்கிறார் என்பது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. இன்னொரு நாள் மகள் டெடே சாப்பாடு கொண்டுவந்தபோது, செத்துப்போன தன் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். டெடே திருத்தவில்லை. பாத்திரத்தை வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டாள்.

ஆயெலே அக்கா தினமும் காலையில் நான் கடைப்பக்கம் வந்ததும் கேட்பாள்.

"எந்திரிச்சாரா?"

"எந்திரிச்சாரு அக்கா."

"சட்டையை நேரா போட்டாரா?"

அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் போயே என்று ஒரு பழைய சண்டைக்காரர் இருந்தார். கடைசிக் காலத்தில் போகிற வருகிறவர்களை நிறுத்தி, "யாரு ஜெயிச்சா?" என்று கேட்பார். நீங்கள்தான் என்று சொன்னால் அழுவார். வேறு யாராவது பெயரைச் சொன்னாலும் அழுவார். அவருக்குக் கெங்கியை உரித்து ஊட்டிவிட்டது ஆயெலே அக்காதான். ஒரு நாள் அவர் கைகளில் துணி சுற்றிக்கொண்டு, மேடை ஏறுகிறவர் போலக் கடலுக்குள் நடந்து போனார். அலை திருப்பிக் கொண்டுவந்து போட்டபோது கைத்துணி அவிழ்ந்திருக்கவே இல்லை. அதை அவிழ்த்தவன் நான்.

நான் அட்டா க்வேயின் பயிற்சிக் கூடத்தில் கைத்துணி சுற்றுகிறவன், வாளி தூக்குகிறவன். பெரியவர்களை நாங்கள் அட்டா என்போம். அந்த நாட்களில் அட்டா க்வேயின் கவலையெல்லாம் ஒபோடாயைப் பற்றியது.

ஒபோடாய்க்கு இருபத்திரண்டு வயது. பத்தொன்பது சண்டை, பத்தொன்பதிலும் எதிராளி தரையில். ஹோமோவோ அறுவடைத் திருவிழா முடிந்த கையோடு குமாசியில் பட்டத்துக்கான சண்டை. ஆனால் நான்கு சுற்றுக்கு மேல் அவன் ஆடியதே கிடையாது. அதற்குள் எல்லாரும் விழுந்துவிடுவார்கள். ஊர்வாய் சும்மா இருக்குமா? தச்சன்களையும் லாரி கிளீனர்களையும் சாய்த்த கணக்கு என்று சோவாவும் அடோட்டேயும் ஒன்றுசேர்ந்து சிரித்தார்கள். அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

அட்டா க்வே கடைக்கே வந்து கேட்டார்.

"அஷிட்டே, எட்டு ரவுண்டு ஒபோடாய்கூட நில்லு. பழக்கத்துக்குத்தான். நீ நின்னா குமாசிக்கு உன்னையும் கூட்டிட்டுப் போறேன். இனிமே அவன் மூலையில நீதான் என் பக்கத்துல நிக்கணும்."

ஒரு சண்டைக்காரனின் மூலையில் நின்று சுற்றுக்குச் சுற்று அவனைக் கவனிப்பதென்றால் இனி அடி வாங்காமல் சோறு. அஷிட்டே அண்ணன் தலையாட்டினார். அக்கா கரண்டியை வைத்துவிட்டு அட்டா க்வேயின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. நாள் செவ்வாய்க்கிழமை என்று சொல்லிவிட்டுப் போனார். செவ்வாயன்று நாங்கள் கடலுக்குப் போகமாட்டோம். ஊரே கரையில் இருக்கும்.

அவர் போனதும் கடையில் நாங்கள் மூவர்தான் இருந்தோம்.

"டெடேயப்பா, இடது கையை நீட்டுங்க," என்றாள் அக்கா.

நீட்டினார்.

"மூடுங்க."

மூடினார். மெதுவாகத்தான் மூடியது.

"தொறக்காம வச்சிருங்க."

நாங்கள் மூவரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் சுண்டுவிரல் விலகியது. பிறகு அடுத்தது. உள்ளேயிருந்து யாரோ ஒவ்வொன்றாகத் தள்ளித் திறப்பதுபோல இருந்தது. அவர் பல்லைக் கடித்தார். நெற்றி வேர்த்தது. கை முழுதாகத் திறந்து, வெறும் உள்ளங்கை எங்கள் முன்னால் கிடந்தது.

"யாருகிட்டயும் சொல்லாத," என்றார்.

"சொன்னா?" என்றாள் அக்கா.

"சொன்னா நாளையிலேர்ந்து என்னைப் போயேன்னு கூப்பிடுவாங்க. வாளி தூக்கக்கூட விடமாட்டாங்க."

"சொல்லலேன்னா?"

அவர் கையை மடியில் வைத்து வலது கையால் மூடிக்கொண்டார்.

நான் அட்டா க்வேயிடம் போய்ச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "எனக்குக் கண்ணு இல்லையா? மூணு ரவுண்டுல நிறுத்திருவேன்," என்றார். அதை அக்காவிடம் சொன்னேன். அவள் கேட்டது வேறு.

"எப்படி நிறுத்துவாரு? மணி கிடையாதே."

அது ஓசையடங்கிய மாதம். கோயில் நிலத்தில் பூசாரி தானியம் விதைத்த நாளிலிருந்து ஹோமோவோவுக்கு முன்பு தடை எடுக்கிற வரைக்கும் முரசு கிடையாது, கைதட்டல் கிடையாது, கூச்சல் கிடையாது. கல்யாணங்கள் தள்ளிப்போகும். துக்க வீட்டில்கூட வாய்பொத்தி அழுவார்கள். பயிற்சிக் கூடத்தின் மணிக்குத் துணி சுற்றிவிடுவோம். சுற்று முடிந்தால் அட்டா க்வே ஒரு சிவப்புத் துணியை அசைப்பார்.

மற்றவர்களுக்கு அது போதும். ஆனால் ஒபோடாய் மணிச் சத்தத்துக்குப் பழகி வளர்ந்தவன். சின்ன வயதில் ஒரு பந்தயத்தில் மணி அடித்த பிறகும் ஒரு குத்து விட்டான் என்று தோல்வி கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அட்டா க்வே பிரம்பை வைத்துக்கொண்டு அவனைப் பழக்கினார். மணி கேட்டால் குத்து பாதி வழியில் இருந்தாலும் கை தானாக இறங்கிவிடும். கூடத்தின் வாசலில் கடை வைத்திருக்கிற ஆயெலே அக்கா அந்தப் பிரம்புச் சத்தத்தை வருடக்கணக்காகக் கேட்டவள்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கே கூடம் நிரம்பிவிட்டது. சுற்றுச்சுவர் மேலும் ஆட்கள். அவ்வளவு கூட்டமும் அமைதியாக உட்கார்ந்திருந்தது. செய்தி சொல்வதென்றால் காதோடு காதாகச் சொன்னார்கள். கடலின் இரைச்சல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

அக்கா பெரிய அலுமினிய அண்டாவைத் தலையில் சுமந்து உள்ளே வந்து, மேடைக்குப் பக்கத்தில் இறக்கிவைத்து, மூடியைத் திறக்காமல் உட்கார்ந்தாள். கரண்டி மடியில் இருந்தது. சண்டை நாளில் அவள் கூடத்துக்குள் வந்து நான் பார்த்ததில்லை. வீட்டில் வெந்நீர் வைத்துக் காத்திருப்பதுதான் அவள் வழக்கம்.

"என்னக்கா, இங்கயே வியாபாரமா?" என்று அடோட்டே கிசுகிசுத்தான். "ரெண்டு உருண்டை குடேன்."

"இன்னிக்கு இல்ல," என்றாள்.

நான் அண்ணனின் கைகளில் துணி சுற்றினேன். வலது கை கல்போல இருந்தது. இடது கையில் விரல்களை விரிக்கச் சொன்னேன், விரிந்தன. மூடச் சொன்னபோது நானே மூடிவிட வேண்டியிருந்தது. மூடியபடியே இறுக்கிச் சுற்றினேன். அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்கா அண்ணே?"

"டாக்கிகூட நின்னப்ப பயம் இல்ல. அவன் எங்கேருந்து அடிப்பான்னு தெரியும்." குரலைத் தாழ்த்தினார். "இது எங்கேருந்து வருதுன்னு தெரியலடா."

மேடையில் ஒபோடாய் தலைக்கவசத்தை இறுக்கிக்கொண்டே கிட்டே வந்தான்.

"சித்தப்பா, மெதுவாவே போலாமா?"

"மெதுவாப் போனா உனக்கு என்ன லாபம்? வா."

முதல் மூன்று சுற்றும் அவர் அழகாக ஆடினார். அதை மறுக்க முடியாது. தோளைக் கொடுத்து அடியை வழுக்கவிட்டார். நெருங்கி வந்தால் கட்டிப் பிடித்தார். ஒபோடாயின் பெரிய வலதுகைக் குத்துகள் இரண்டு முறை காற்றில் போயின. ஊர் வாயைத் திறக்காமல் சிரித்தது. சோவா தன் தொடையையே கிள்ளிக்கொண்டான். மேடைப்பலகையில் கால்கள் தேய்கிற சத்தமும் கையுறை உடம்பில் இறங்குகிற சத்தமும் இருவர் மூச்சும் தவிர வேறொன்றும் இல்லை. வழக்கமாக அடிச்சத்தத்தைக் கூச்சல் விழுங்கிவிடும். ஒவ்வொரு அடியும் எப்படி ஒலிக்கிறது என்பதை அன்றுதான் ஊர் கேட்டது. பலர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

மூன்றாவது முடிந்து சிவப்புத் துணி அசைந்தது. அண்ணனுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே அட்டா க்வேயைப் பார்த்தேன். அவர் ஒபோடாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் இத்தனை நாளில் முதல்முறையாகக் களைத்திருந்தான். அவனுக்கு வேண்டியதே இதுதான். அட்டா க்வே என் பக்கம் ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒன்று.

நான்காவதும் போயிற்று. அவர் மறுபடி ஒரு விரலைக் காட்டினார். ஆயெலே அக்கா எழுந்து நின்றாள்.

ஐந்தாவது சுற்றின் நடுவில் அண்ணனின் இடது கை இறங்கியது. அடி பட்டு இறங்கவில்லை. முகத்துக்கு முன்னால் இருந்த கை, ஆணியிலிருந்து சட்டை நழுவுவதுபோல நழுவித் தொங்கியது. அவர் அதைக் குனிந்து பார்த்தார். சண்டைக்கு நடுவில், எதிராளி முன்னால் நிற்கும்போது, தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒபோடாயின் வலது கை தாடையில் இறங்கியது. பிறகு இடது. அண்ணன் கயிற்றில் சாய்ந்தார். கயிறுதான் அவரைப் பிடித்திருந்தது, விழக்கூட வழியில்லை. கண் திறந்திருந்தது. அந்தக் கண்ணில் அவர் இல்லை.

ஒபோடாய் அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை, உடம்பை மட்டும் பார்த்தான். அப்படித்தான் அவனைப் பழக்கியிருந்தோம். அட்டா க்வே அவன் முதுகுக்குப் பின்னால் நின்று சிவப்புத் துணியை அசைத்தார். அசைத்துக்கொண்டே இருந்தார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பிறந்தது முதல் அலறிப் பழகிய நூற்றுக்கணக்கான தொண்டைகள் அந்தக் கூடத்தில் இருந்தன. ஒன்றிலிருந்தும் சத்தம் வரவில்லை. கைகள் மட்டும் காற்றில் நிறுத்து, நிறுத்து என்று ஆடின. அந்த மாதத்தில் வாய் மூடிக்கொள்வதைத் தாய்ப்பாலோடு பழகியவர்கள் நாங்கள். நான் வாளியைத் தள்ளிவிட்டுக் கயிற்றுக்குள் நுழைந்தேன். மேடையின் அகலம் அன்று கடல் மாதிரி இருந்தது.

அப்போது அண்டா ஒலித்தது.

மூன்று முறை. நெஞ்சுக்குள் அடித்ததுபோல. கூடத்தின் சுவர்களில் மோதி, தெருவுக்குள் போய், கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். ஒபோடாயின் கை பாதி வழியில் இறங்கியது. அவன் திரும்பி, தலையைக் குனிந்துகொண்டு, தன் மூலையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். பாதி தூரம் போன பிறகுதான் அது மணியல்ல என்று அவனுக்குப் புரிந்தது.

நான் அண்ணனைப் பிடித்தேன்.

"எத்தனாவது ரவுண்டு?" என்றார்.

"முடிஞ்சிருச்சு அண்ணே."

"நின்னேனா?"

"நின்னீங்க."

எல்லாரும் ஆயெலே அக்காவைப் பார்த்தார்கள். அவள் கையில் கரண்டி இருந்தது. மூடி ஒருபுறம் கிடந்தது. அண்டாவுக்குள் கெங்கி இல்லை, தண்ணீர் இல்லை, ஒரு சோளத்தோல்கூட இல்லை. அன்று காலை அவள் அடுப்பே மூட்டவில்லை. நிறைந்த அண்டா அப்படி ஒலிக்காது.

ஓசைத் தடையைக் காக்கிற எங்கள் அரசரின் அரண்மனை ஆட்கள் இரண்டு பேர் வெகு சீக்கிரம் வந்துவிட்டார்கள். அந்த மாதத்தில் அவர்கள் தெருவிலேயேதான் இருப்பார்கள். மூத்தவர் அண்டாவைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார்.

"கை தவறி விழுந்துருச்சு," என்றார் அட்டா க்வே. தவறி விழுந்தால் குற்றமில்லை.

"ஆமா, விழுந்துச்சு. நான் பாத்தேன்," என்றான் சோவா.

"நானும்தான்," என்றான் அடோட்டே.

"மூணு தடவையா விழுந்துச்சு?"

"விழுந்து எகிறிச்சு. அலுமினியம் பாருங்க."

மூத்தவர் அக்காவிடம் திரும்பினார். "விழுந்துச்சாம்மா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அஷிட்டே அண்ணன் முக்காலியில் உட்கார்ந்து அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. அது எதற்கான கெஞ்சல் என்று அந்தக் கூட்டத்தில் எங்கள் மூவரையும் அட்டா க்வேயையும் தவிர யாருக்கும் தெரியாது.

"விழல. நான்தான் அடிச்சேன்," என்றாள் அக்கா.

"ஏன்?"

"இவரோட இடது கை மூடாது. நாலு மாசமா மூடல. வீட்டுக்கு வழி மறந்துபோகுது. பெத்த பொண்ணு பேரு மறந்துபோகுது. போயேக்கு ஆரம்பிச்ச மாதிரியே ஆரம்பிச்சிருக்கு." கரண்டியை மூத்தவரிடம் நீட்டினாள். "விழுந்துச்சுன்னு சொன்னா நீங்க விட்டுருவீங்க. அடுத்த வாரம் இவரை மறுபடி இங்க ஏத்துவாங்க. அதனாலதான் எல்லார் முன்னாலயும் சொல்றேன். இனிமே இவரை யாராவது ஏத்தினா அவனுக்குத் தெரிஞ்சு ஏத்தினதா இருக்கட்டும்."

அண்ணன் முகத்தை வலது கையால் மூடிக்கொண்டார். இடது கை முழங்காலில் கிடந்தது. துணியை நான் அவிழ்த்திருந்தேன். அது ஊர் பார்க்கத் திறந்து கிடந்தது.

மூத்தவர் சற்று நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு ஆடு, ரெண்டு புட்டி சாராயம். தடை எடுக்கறதுக்கு முன்னாடி கொண்டாந்துருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். வழக்கமானதைவிடக் குறைவான அபராதம் அது.

ஆட்டை ஒபோடாய் கொண்டுவந்து கட்டினான். யாரும் அவனைக் கேட்கவில்லை. சோவா ஒரு புட்டி வாங்கி வந்தான். அது மட்டமான சரக்கு என்று சொல்லிவிட்டு அடோட்டே வேறொன்று வாங்கி வந்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அண்ணனின் தலையைப் படமெடுத்துப் பார்த்தார். இனி ஒரு அடிகூடப் படக்கூடாது என்றார். போனது திரும்பாது, இனி எது எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்றார். அக்கா, "போறப்ப அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். டாக்டர் மேசையிலிருந்த பேனாவை நகர்த்திவைத்தார்.

தடை நீங்கி முரசு ஒலித்தது. குமாசியில் ஒபோடாய் இரண்டாவது சுற்றிலேயே ஜெயித்தான். இருபது சண்டை, இருபதிலும் எதிராளி தரையில். கடையில் இப்போது புதிய வழக்கு. அஷிட்டேயை ஒபோடாய் சாய்த்தானா இல்லையா? கயிற்றில் சாய்ந்தவன் விழுந்தவனாவானா? அண்டா ஒலிக்காமல் இருந்திருந்தால்? ஆனால் முன்போல யாரும் உரக்கப் பேசுவதில்லை. பேசும்போதே அண்ணன் இருக்கிற பக்கம் கண் போய்விடும்.

ஒரு நாள் சோவா பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டான். "அண்ணே, டாக்கியா அமார்ட்டேயா, யாரு அடி பலம்?"

ஒத்தடம், வெந்நீர் என்று பழைய பதில் வரும் என்று எல்லாரும் சிரிக்கத் தயாரானோம்.

"டாக்கி," என்றார் அண்ணன்.

இத்தனை வருடமாகக் காத்திருந்த தீர்ப்பு. சோவா துள்ளவில்லை. அடோட்டே மறுக்கவில்லை. மறுநாள் அடோட்டே மெதுவாக அதே கேள்வியைக் கேட்டான். அண்ணன் கொஞ்சம் யோசித்து, "அமார்ட்டே," என்றார். இரண்டு முறையும் உண்மை சொல்கிறவரின் முகம்தான் அது. அடுத்த வாரம் கேட்டபோது அவர் மரியாதையாகத் திருப்பிக் கேட்டார்.

"டாக்கிங்கறது யாருப்பா?"

சோவா எழுந்து தட்டைக் கழுவப் போனான். அதற்குப் பிறகு அந்தக் கடையில் யாரும் அவரிடம் கேட்பதில்லை.

ஒபோடாய் தினமும் காலை ஓட்டம் முடித்து அங்கேதான் சாப்பிட வருகிறான். அடுத்த சண்டைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அண்ணனுக்கு எதிரில் உட்காருகிறான். கெங்கியை உரித்து அவர் வலது கையில் கொடுக்கிறான். இப்போதெல்லாம் அவன் பெஞ்சுக்கு அடியில் தன் இடது கையை மூடி, மூடியபடியே வைத்திருந்து, குனிந்து அதைப் பார்க்கிறான். யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறான்.

ஆயெலே அக்கா கவனித்தாள். நேற்று அவனுக்கு ஒரு கெங்கி உருண்டையை எடுத்து இடது கையில் வைத்தாள். வைத்த பிறகும் தன் கையை உடனே எடுக்கவில்லை. அவன் கைக்குக் கீழே, தொடாமல், விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.